சிப்பிக் கொட்டகையில் ஷிகெனோவின் மூச்சு

ஷிகெனோ அக்காவின் உதடு நீலமாவதை முதலில் பார்த்தவள் நான். கொட்டகையில் அவளுக்கு அடுத்த இடம் என்னுடையது. எதிரே குவியலாகச் சிப்பி, வலது கையில் குட்டைக் கத்தி, இடது கையில் தடித்த உறை. ஓட்டின் இடுக்கில் கத்தியை நுழைத்து, உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை வாளியில் போட வேண்டும். நவம்பரில் தொடங்கினால் மார்ச் முடிய இதே வேலை. கை தன்பாட்டுக்கு ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். அன்று காலை ஹருயோ தன் மாமியார் பல்செட்டைத் தொலைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது பேரும் சிரித்தோம். ஷிகெனோ அக்காவின் தோளும் குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

சத்தம் வராததால் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறு போலப் புடைத்திருந்தன. நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் போல ஒன்று கேட்டது, பிறகு அதுவும் நின்றது. உதடு கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிருந்தது.

"அக்கா! ஏய், யாராவது வாங்கடி!"

நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் படகுத்துறைப் பலகைமேல் கிடத்தினோம். ஜனவரி மாதம். கடல் காற்று கத்தியாய் அறுத்தது. உள்ளே கரியடுப்பு இருக்கும்போது இந்தக் குளிரில் போட்டிருக்கிறோமே என்று ஒருத்தி பதறினாள். அரை மணி நேரத்தில் மூச்சு மெல்லத் திரும்பியது. நிறமும் திரும்பியது. அவளைக் காப்பாற்றியதே அந்தக் கதவுக்கு வெளியே கொண்டுவந்ததுதான் என்பது அப்போது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

இது 1962இல், ஹிரோஷிமாவுக்கு எதிரே இருக்கும் எங்கள் தீவில் நடந்தது.

ஷிகெனோ அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. உயரமான பெண், அகன்ற கை. எங்கள் கொட்டகையில் அவள் வாளிதான் எப்போதும் முதலில் நிறையும். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஒரே வாக்கியத்தில் ஆளைக் கவிழ்த்துவிடுவாள். கணவர் யாசுகிச்சி மூங்கில் தெப்பம் கட்டுவதில் கெட்டிக்காரர். முன்பெல்லாம் கரையோரச் சேற்றில் மூங்கில் கழி நட்டு, அதில்தான் சிப்பி வளர்ப்பார்கள். ஐந்தாறு வருடமாக எல்லோரும் தெப்பத்துக்கு மாறியிருந்தார்கள். தெப்பத்திலிருந்து கம்பிகளை ஆழத்துக்குத் தொங்கவிட்டால் சிப்பி இரண்டு மடங்கு வேகத்தில் கொழுக்கும். அந்தத் தெப்பங்களில் பாதிக்கு மேல் யாசுகிச்சி கட்டியவை. மகள் சாயோகோவுக்குப் பதின்மூன்று வயது. அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, 1957 குளிர்காலத்தில், அக்கா எங்களோடு கத்தி பிடிக்க வந்தாள்.

முதல் இரண்டு குளிர்காலம் அவளுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது வருடம் தும்மல் வந்தது. மூக்கும் கண்ணும் ஒழுகும். ஹருயோ விடுவாளா?

"ஏன்டி ஷிகெனோ, உன் தும்மல்ல சிப்பி எல்லாம் பயந்து தானாவே வாயத் தொறக்குதுடி. உனக்கு மட்டும் கத்தியே வேணாம்."

"உன் வாயத் தொறந்து வச்சா சிப்பி வெக்கப்பட்டு மூடிக்கும். நீ மூடு" என்றாள் அக்கா.

அடுத்த வருடம் இருமல், இழுப்பு. மதியம் வீட்டுக்குப் போகும்போது பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஏப்ரல் வந்தால் எல்லாம் போய்விடும். கோடையில் மலை ஏறி ஆரஞ்சுத் தோட்டத்தில் கூடை சுமப்பாள், ஒரு குறையும் இருக்காது. டாக்டரிடம் போகச் சொன்னால் மட்டும் முகம் இறுகிவிடும். சளி என்பாள். கரிப்புகை என்பாள். பிறகு பேச்சை மாற்றுவாள்.

அன்று படகுத்துறையில் மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிய பின் நான் மட்டும் அவளோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம்.

"டாக்டர்கிட்ட போகலேன்னா நான் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவேன். செத்துப் பொழச்சிருக்கீங்க."

"போக முடியாது, கிகு."

"ஏன்?"

"போனா கேப்பாங்க."

"என்ன கேப்பாங்க?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நீ எங்க இருந்தேன்னு கேப்பாங்க."

எங்கள் பக்கத்தில் 'அன்னைக்கு' என்றால் எந்த நாள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அவள் தீவில்தான் இருந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"குண்டு விழுந்து மூணாம் நாள் பட்டணத்துக்குள்ள போனேன். என் தங்கச்சி அங்க ஒரு தையல்கடையில வேல பாத்தா. ரெண்டு நாள் நடந்தேன். ஒவ்வொரு முகமா குனிஞ்சு பாத்தேன். கெடைக்கல. தாகத்துக்கு அங்க இருந்த தண்ணியத்தான் குடிச்சேன். திரும்பி வந்ததும் அம்மா சொல்லிட்டாங்க, நீ போகவே இல்ல, உன்னை எவனும் கட்டிக்க மாட்டான், வாயத் தொறக்காதேன்னு. பதினேழு வருஷமா தொறக்கல. அவருக்கும் தெரியாது. குண்டோட வெஷம் வந்திடுச்சு, கிகு. இவ்வளவு நாள் ஒளிஞ்சிருந்துட்டு இப்ப வந்திடுச்சு. நான் சாகறதப் பத்தி இல்ல. வெளிய தெரிஞ்சா நாளைக்கு சாயோகோவ எவன் கட்டுவான்?"

ஐந்து வருடம் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறேன். அவள் வீட்டில் எத்தனை டம்ளர் என்பது வரை எனக்குத் தெரியும். இது தெரியாது. ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் மனதுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்தபோது, நாங்கள் செய்த கேலியெல்லாம் என் காதிலேயே திரும்பக் கேட்டது.

நான் அவளை விடவில்லை. அக்கரையில் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. அங்கே கொதானி என்று ஒரு டாக்டர், நாற்பது வயதிருக்கும், நிறைய கேள்வி கேட்கிறவர் என்று பேச்சு. சாயோகோவுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படகு ஏறினோம்.

டாக்டர் கொதானி நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். எந்த மாதம் தொடங்கும், எந்த நேரத்தில் வரும், என்ன சாப்பிடுவீர்கள், எங்கே வேலை என்று கேட்டுக்கொண்டே போனார். திடீரென்று ஷிகெனோ அக்கா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தையல்கடை, தங்கை, இரண்டு நாள், தண்ணீர்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடியும்வரை குறுக்கிடவில்லை. பிறகு, "புத்தாண்டுக்குக் கொட்டகை எத்தன நாள் லீவு?" என்றார்.

"அஞ்சு நாள்."

"அந்த அஞ்சு நாள்ல இழுப்பு வந்துச்சா?"

அவள் யோசித்தாள். "மொத நாள் கொஞ்சம். அப்புறம் இல்ல."

"திரும்ப வேலைக்குப் போன அன்னைக்கு?"

"ஒரு மணி நேரத்துல."

"அம்மா, குண்டோட வெஷம் புத்தாண்டுக்கு லீவு எடுக்காது. அது உங்க உடம்புல ஒண்ணும் பண்ணலன்னு நான் சொல்லல, அத தனியா பாக்கணும். ஆனா இந்த இழுப்பு அதோடது இல்ல. இது உங்க கொட்டகைக்குள்ள இருக்கு."

ஷிகெனோ அக்கா அவரைப் பார்த்தபடியே இருந்தாள். நல்ல செய்தி கேட்ட முகம் இல்லை அது. கன்னத்தில் அறை வாங்கியவள் முகம்.

அவர் கேட்டபடி அடுத்த வாரம் ஒரு வாளி கொண்டுபோனோம். கொட்டகையில் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றிலும் கொஞ்சம். சிப்பிச் சதை, சிப்பி ஓட்டின் தூள், கடல்பாசி, கரிச்சாம்பல், சேறு, அப்புறம் ஹோயா. ஹோயா என்பது விரல் நீளத்துக்குச் சுருங்கிய தோல்பை போல ஒரு பிராணி. சிப்பிமேல் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும். அழுத்தினால் பீச்சாங்குழல் போலத் தண்ணீர் அடிக்கும். தெப்பத்துச் சிப்பியில் அது இல்லாத ஓடே கிடையாது. சிப்பியைத் திறக்கும் முன் கத்தியின் பின்பக்கத்தால் அதை அடித்து உதிர்ப்போம். நாள் முழுக்க உடைந்து பீய்ச்சி, கொட்டகை முழுக்க அந்த நீர் பனிபோல நிற்கும். குளிருக்காகக் கதவையும் மூடிவிடுவோம். கண்ணாடி போட்டவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொள்வார்கள். அதை ஒரு பொருளாகவே நாங்கள் நினைத்ததில்லை.

டாக்டர் ஒவ்வொன்றிலிருந்தும் சாறு எடுத்து வடிகட்டி, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அவள் முன்கையில் வரிசையாகக் கீறி, கீறலுக்கு ஒரு சொட்டு வைத்தார். நாங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தோம். சிப்பி வைத்த இடம் சும்மா இருந்தது. சாம்பல், சேறு, பாசி, எல்லாம் சும்மா. ஆறாவது கீறல் மட்டும் வெளுத்து உப்பியது. சுற்றிலும் சிவந்தது. கால் மணி நேரத்தில் ஒரு பிளம்பழம் அளவுக்கு வீங்கி, அதிலிருந்து கால் முளைத்ததுபோல மேலும் கீழும் தடித்தது.

"இது என்ன வச்சீங்க?" என்றேன்.

"ஹோயா. அதுவும் ஆயிரத்துல ஒரு பங்கா கலந்தது."

ஷிகெனோ அக்கா தன் கையையே பார்த்தாள். பிறகு அவள் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "இதுவா? இந்த அசிங்கம் புடிச்சதா? பதினேழு வருஷமா நான் சாவுக்குத் தயாரா இருந்தேன், டாக்டர். இதுக்கா?"

பிறகு அழுதாள். நிற்கவே இல்லை. நர்ஸ் ஓடிவந்து, வலிக்கிறதோ என்று கையில் ஈரத்துணி வைத்தாள்.

சந்தேகம் தீர டாக்டர் என் கையிலும் அதே சொட்டை வைத்தார். கொசு கடித்த அளவுக்குக்கூட வரவில்லை. எனக்கு அது இன்னும் பெரிய அதிர்ச்சி. அவளுக்கும் முன்பிருந்தே அந்தப் பனியை மூச்சில் இழுத்தவள் நான்.

"எனக்கு ஏன் வரல?"

"வராம இருக்கிறதுதான் வழக்கம்மா" என்றார் டாக்டர். "உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க. மூச்சு வழியா ஒரு நாளைக்கு எவ்வளவோ உள்ள வருது. தூசி, பூந்தூள், பூனை முடி. இது நம்மள ஒண்ணும் செய்யாதுன்னு பாத்துப் பழகி, அவங்க விட்டுடுவாங்க. உங்க உடம்பு ஹோயாவ அப்படி விட்டுடுச்சு. இவங்களோடது மொத ரெண்டு வருஷம் பாத்துட்டு, திருடன்னு முடிவு கட்டிடுச்சு. இப்ப அது வந்தாலே மூச்சுக் குழாய மூடிடுது. ஏன் இவங்களுக்கு மட்டும்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அந்த வாரமே அவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்கள் கொட்டகைக்கு வந்தார். இழுப்பு உள்ளவர்கள் யார் என்று கேட்டார். தயங்கித் தயங்கி ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஐந்து பேர்! ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் ஏதோ என்று மறைத்து வைத்திருக்கிறாள். அதில் ஒருத்தி ஹருயோ. கழியில் வளர்ந்த சிப்பியைத் திறந்த பழைய ஆட்களைக் கேட்டார். அந்தக் காலத்தில் இழுப்பு என்று யாருக்குமே வந்ததில்லை என்றார்கள். கழிச் சிப்பி தண்ணீர் வற்றும்போது வெயிலில் காயும், அதில் ஹோயா தங்காது. ஆழத்தில் எப்போதும் நனைந்தே தொங்கும் தெப்பத்துச் சிப்பியில்தான் தங்கும்.

யாசுகிச்சியும் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தார். மனைவி விழுந்த சேதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல அவர் முகம் சாம்பலாகியது.

"அப்ப நான் கட்டுன தெப்பமா?" என்றார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சிப்பி வேலையை விட்டுவிடுவது. இன்னொன்று, அதே ஹோயாச் சாற்றை ஊசியாகப் போடுவது.

யாசுகிச்சி எழுந்தே விட்டார். "எதுல சாகப்போனாளோ அதையே ஊசியா போடுவீங்களா? நீங்க டாக்டரா வேற ஏதாவதா?"

"அந்த அளவுக்குப் போட மாட்டேன். காவக்காரங்க கண்ணு முழிக்காத அளவுக்குக் கொஞ்சூண்டு போடணும். ஒரு சொட்ட கோடிப் பங்கா கலந்து, அதுல ஒரு பங்கு. சும்மா இருந்தா அடுத்த தடவ ஒரு துளி அதிகம். மாசக்கணக்குல போகும். ஓ, இது தெனம் வர்ற ஆளுதானான்னு உடம்பே அடங்கணும். சில பேருக்குப் பலிக்கும். சில பேருக்குப் பலிக்காது. ஆபத்தும் உண்டு, அத மறைக்க மாட்டேன்."

"வேணாம். வேலைய விட்டுடட்டும்."

"எங்க போய் விடுறது?" என்றாள் ஷிகெனோ அக்கா. "நீங்க தெப்பத்துலேர்ந்து வர்றீங்க. உங்க சட்டைல அது, காலுல அது. வாசல்ல அது. உங்களையும் விட்டுடவா?"

அவள் அதோடு நிறுத்தவில்லை. டாக்டர், நான், கதவுக்குப் பின்னால் சாயோகோ என எல்லோரும் இருக்கும்போதே, அம்மா மூடச் சொன்ன கதையைத் திறந்துவிட்டாள். சொல்லி முடித்து நெற்றி பாயில் படக் குனிந்தாள்.

யாசுகிச்சி, "எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் தலையைத் தூக்கினாள்.

"அன்னைக்கு உன்ன அக்கரைல எறக்கிவிட்ட படகு எங்க அண்ணன் படகு. கல்யாணம் பேசும்போதே சொன்னான். யோசிச்சுக்கோடான்னான். யோசிச்சேன். தங்கச்சியத் தேடி அந்த நெருப்புக்குள்ள போனவ நம்ம வீட்டுக்கு வந்தா நல்லதுதான்னு தோணுச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"பதினஞ்சு வருஷமாவா?"

"நீ சொல்லலையே."

ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துக்கொண்டு, சோறு தின்று, பிள்ளை பெற்று வாழ்ந்திருக்கிறார்கள். ஷிகெனோ அக்கா பக்கத்திலிருந்த குஷனைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். "மடையா!" என்று கத்தினாள். டாக்டர் அவசரமாகத் தொப்பியைத் தேடினார்.

ஏப்ரலில் ஊசி தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு முறை மேல்கையில் போடுவார்கள். முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் தண்ணீரைப் போட்டு ஏமாற்றுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். இரண்டாவது மாதம் ஊசி போட்ட இடம் அரிக்கத் தொடங்கியது. டாக்டர் மகிழ்ந்து போனார். வீக்கத்தை அளவுகோலால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்வார். கொஞ்சம் பெரிதாக வீங்கினால் அடுத்த முறை அளவை ஏற்றமாட்டார். இடையில் விட்டால் அளவைக் குறைத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

ஆகஸ்டில் இறந்தவர்களுக்கு விளக்கு ஏற்றும் பண்டிகை வந்தது. அதற்கு முன், குண்டு விழுந்த ஆறாம் தேதி வந்தது. அந்த வருடம் முதல்முறையாக ஷிகெனோ அக்கா கணவரோடு பட்டணத்துக்குப் போய்த் தங்கைக்காக ஆற்றில் விளக்கு விட்டாள். அதிலும் பண்டிகையிலுமாக இரண்டரை வாரம் ஊசிக்குப் போகவில்லை. பிறகு போனபோது நானும் கூட இருந்தேன். டாக்டர் வெளியூர் போய் அன்றுதான் வந்திருந்தார். அவர் இல்லாதபோது நர்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தவறாம வந்தீங்களா?"

"வந்தேன்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணால் என்னை அடக்கினாள். நவம்பருக்குள் முடிக்க வேண்டும், பின்னால் போக அவளுக்கு மனமில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆகவில்லை. "உள்ளங்கை அரிக்குது கிகு" என்றாள். பிறகு காது மடல் சிவந்தது. கழுத்தில் தடிப்புகள் ஓடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் இரண்டும் வீங்கி மூடின. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், நாய் குரைப்பது போல ஒரு சத்தம் வந்தது. அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்தாள்.

டாக்டர் ஓடிவந்து தொடையில் அட்ரினலின் ஊசியைக் குத்தினார். காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கால் சில்லென்று இருந்தது. இரண்டாவது ஊசி. நர்ஸ் அழுதுகொண்டே பதிவேட்டைப் புரட்டி, "டாக்டர், இவங்க வரல. ரெண்டரை வாரமா வரல" என்றாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. ஒரு பெரிய மூச்சு உள்ளே போனது. பிறகு இன்னொன்று.

அவள் எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் தொய்ந்து உட்கார்ந்து, "நிறுத்திடலாம்மா" என்றார். "என்னால முடியாது. நானும் நோட்டப் பாத்திருக்கணும்."

"பொய் சொன்னது நான்." அவள் குரல் கரகரத்தது. "இந்த மருந்து என்ன பண்ணும்? நான் வாழ்நாள் முழுக்க ஒண்ண மறச்சு மறச்சு அதுவே பழகிப்போச்சு, டாக்டர். வாயத் தொறந்தா மொதல்ல பொய்தான் வருது. அதையும் சேத்துக் கொறச்சுக்கிறேன். மறுபடி கீழேர்ந்து ஆரம்பிங்க."

மறுநாள் யாசுகிச்சியே வந்து டாக்டரிடம் கெஞ்சினார். முதலில் திட்டிய அதே ஆள். அரை மனதோடு டாக்டர் ஒத்துக்கொண்டார். அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து மறுபடி ஏற்றினார்கள். அதன்பிறகு ஒரு நாளும் அவள் தவறவில்லை. புயல் வந்து படகு ஓடாத அன்று, யாசுகிச்சி சொந்தப் படகில் கூட்டிப் போனார்.

நவம்பரில் கொட்டகை திறந்தது. டாக்டர் பிடிவாதம் பிடித்ததால் முதலாளி இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்திருந்தார். எங்களுக்கு முகத்தில் கட்டத் துணியும் வந்தது. ஷிகெனோ அக்கா கதவோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். இருபது பெண்கள் இருக்கிற இடத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அவள் முதல் சிப்பியை எடுத்தாள். அதில் ஐந்தாறு ஹோயா தொங்கியது. கத்தியால் அடித்தாள். நீர் தெறித்து அவள் கன்னத்தில் வழிந்தது.

நான் என் கையிலிருந்த சிப்பியைத் திறக்கவே இல்லை. ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு தும்மல். மூக்கு லேசாக ஒழுகியது. இரண்டு மணி நேரம். வாளி பாதி நிறைந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள். ஏதோ வர வேண்டியது வராமல் ஏமாற்றியதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"என்னடி, இருக்கியா போயிட்டியா?" என்றாள் ஹருயோ. அவளுக்கும் மற்ற நால்வருக்கும் டாக்டர் ஊசி தொடங்கச் சொல்லியிருந்தார். இதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருந்தார்கள்.

"இருக்கேன். ஏன், உன் மாமியாரோட பல்செட்டு கெடச்சிடுச்சா?"

கொட்டகையே வெடித்தது. நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. அந்தக் குளிர்காலம் நாலைந்து முறை லேசாக இழுப்பு வந்தது. மாதம் ஒருமுறை ஊசி மூன்று வருடம் தொடர்ந்தது. ஐந்து பேரில் ஒருத்திக்கு ஊசி பலிக்கவே இல்லை, அவள் வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஷிகெனோ அக்கா மட்டும் அதற்குப் பிறகு இருபத்திரண்டு குளிர்காலம் அந்தப் பனிக்குள் உட்கார்ந்து சிப்பி திறந்தாள். யாசுகிச்சியின் அண்ணன் சாட்சி சொல்ல, குண்டுக்குப் பிறகு பட்டணத்துக்குள் போனவள் என்ற அரசாங்க மருத்துவப் பதிவையும் வாங்கிக்கொண்டாள். சாயோகோவைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னாள். ஒரு குடும்பம் எழுந்து போனது. அடுத்து வந்த குடும்பம் டீயைக் குடித்து முடித்தது.

டாக்டர் கொதானி ஓய்வு பெறும் முன் ஒருநாள் நான் மறுபடி கேட்டேன், உடம்பு எப்படித்தான் மனதை மாற்றிக்கொண்டது என்று. அப்போது அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. ஊசி ஏற ஏற, ரத்தத்தில் வேறொரு எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது, அது ஹோயாவின் நீரை முதலில் போய்ப் பிடித்துக்கொள்கிறது, மூச்சுக் குழாயை மூடச் சொல்லும் பழைய ஆளுக்கு அது கிடைப்பதில்லை என்றார். சண்டையை நிறுத்தச் சொல்கிற உயிரணுக்களும் இருக்கும்போல, அதைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறார்கள் என்றார். எனக்குப் பாதிதான் புரிந்தது. சாவை உண்டாக்கியதையே சிறுகச் சிறுகக் கொடுத்து, இது ஒன்றுமில்லை என்று உடம்புக்குச் சொல்லிவிட முடியும் என்பதை, கண்ணால் பார்த்தும் இன்றுவரை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

வேலையிலிருந்து நின்ற அடுத்த வருடம், மகளிர் சங்கத்தோடு நாங்கள் வடக்கே சுற்றுலா போனோம். ஒரு கடலோர விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வந்தது. ஆரஞ்சு நிறத்தில், வினிகர் ஊற்றிய ஏதோ துண்டுகள். இது என்ன என்று ஹருயோ பணிப்பெண்ணைக் கேட்டாள்.

"எங்க ஊரு விசேஷம்மா. ஹோயா."

மேசையில் எட்டுப் பேரும் உறைந்துபோனோம். இதைத் தின்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்களா! எங்களுடையது போலச் சுருங்கியது அல்ல, பெரிய ஜாதி. ஆனாலும் ஹோயா ஹோயாதானே. எல்லாக் கண்ணும் ஷிகெனோ அக்காமேல் போனது. அவள் குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"என் உடம்பு இத மன்னிச்சிடுச்சு. நான் மன்னிக்கல. நீ தின்னு."

தின்றேன். உப்பும் இரும்பும் கலந்தது போல ஒரு ருசி, கடைசியில் லேசான இனிப்பு. ஹருயோ இன்னும் ஒரு தட்டு கேட்டாள்.